பாதி அப்பன், பாதி ஆத்தாள்

அவனியாபுரத்தில் ஆட்டோ வைத்திருக்கிற யாரைக் கேட்டாலும் முத்துக்கருப்பன் கடைக்கு வழி சொல்வார்கள். கடை என்று பெரிதாக நினைத்துக்கொண்டு போகக் கூடாது. வீட்டு முகப்பில் ஒரு தகரக் கூரை, அதன் கீழே கண்ணாடி போட்ட மேஜை, பிளேடு டப்பா, சுருள் சுருளாக ரேடியம் ஸ்டிக்கர், அவ்வளவுதான். வண்டிகளில் பேர் ஒட்டுவது அவன் தொழில். பேரையூருக்குத் தெற்கே மானாவாரிக் காட்டில் பருத்தி எடுத்துக்கொண்டிருந்தவன், பதினெட்டு வயதில் லாரிக்குப் பெயின்ட் அடிக்கிறவர்களோடு ஒட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தான். தொண்ணூறு வாக்கில் எல்லாரும் ஸ்டிக்கருக்கு மாறியதும் பிரஷ்ஷைப் போட்டுவிட்டுப் பிளேடை எடுத்தான். பின்பக்கத் தாளில் எழுத்தைத் திருப்பிப் போட்டு வரைந்து, பிசிறில்லாமல் வெட்டி, கண்ணாடியில் குமிழி விழாமல் ஒட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

ஆனால் அவனைத் தேடி வந்தவர்கள் அதற்காக மட்டும் வரவில்லை. பிறந்த பெண் பிள்ளைக்குப் பேர் கேட்டும் வந்தார்கள்.

அது தானாக வந்து சேர்ந்த வேலை. ஆட்டோவின் முன்கண்ணாடியில் எட்டு ஒன்பது எழுத்துக்கு மேல் போட்டால் பார்க்க நன்றாக இருக்காது. ஒரு டிரைவருக்குப் பெண் பிறந்திருந்தது. அப்பத்தா பேர் பாண்டியம்மாள்தான் வைக்க வேண்டும் என்று அவன் வீட்டில் ஒற்றைக்காலில் நிற்கிறார்கள். பிரசவம் பார்த்த அம்மாச்சி ஜோதிமணி, அப்ப என் பேர் எங்கே என்கிறாள். இரண்டையும் ஒட்ட இடமில்லை, ஒன்றை விட்டால் வீட்டுக்குப் போக முடியாது. முத்துக்கருப்பன் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து, இரண்டு பேரிலும் வாலை நறுக்கி, பாண்டிஜோதி என்று எழுதிக் காட்டினான். டிரைவர் அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு ஓடினான். மறுவாரம் அவன் மச்சினன் வந்தான். அதற்கடுத்து மச்சினனோடு வண்டி ஓட்டுகிறவன் வந்தான்.

அப்போது ஊருக்கே அந்த ஆசை பிடித்திருந்தது. வகுப்பில் நாலு மகாலட்சுமி உட்கார்ந்திருந்தால் டீச்சர் இனிஷியலைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். தன் பிள்ளையின் பேர் வேறு யாருக்கும் இருக்கக் கூடாது என்று ஒவ்வொருவனும் நினைத்தான். அதற்காக எங்கிருந்தோ ஒரு புதுப்பேரைக் கொண்டுவந்து வைத்தால் பெரியவர்கள் முகத்தைத் தூக்கிக்கொள்வார்கள். இந்த ஒட்டுப்பேர் இரண்டு பக்கத்தையும் சமாளித்தது. கேட்டால் புதுசு, பிரித்துப் பார்த்தால் சொந்தம். பிள்ளை யார் ஜாடை என்று வேண்டுமானால் சண்டை போடலாம், பேரில் சண்டை போட வழியில்லை. ஆண் பிள்ளைக்கு யாரும் இப்படி மெனக்கெடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அவனுக்குக் குலசாமி பேரோ தாத்தா பேரோ தயாராக இருக்கும். பெண் பிள்ளையிடம்தான் எதையாவது புதிதாகச் செய்து பார்க்கலாம் என்று விட்டுவைத்திருந்தார்கள்.

சில நேரம் சறுக்கும். கீழவாசல் பக்கம் நூல் வியாபாரம் செய்த சௌரிராஜன் தன் வேனுக்குப் பேர் ஒட்ட வந்தவர், மகளுக்கும் ஒன்று கேட்டார். சம்சாரம் பேர் சீதாலட்சுமி. முத்துக்கருப்பன் இப்படி வெட்டி, அப்படி ஒட்டி, அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் ராஜலட்சுமியில் வந்து நின்றான். இருவருக்கும் பரம திருப்தி. வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் சௌரிராஜனின் தாயார், இந்தத் தெருவிலேயே ஆறு ராஜலட்சுமி இருக்கிறாளே, இதற்கா அவனியாபுரம் வரை போனாய் என்று சிரித்தாராம். அதைச் சொல்வதற்கென்றே சௌரிராஜன் ஒரு டப்பா லட்டோடு திரும்பி வந்தார்.

எந்தப் பேரைக் கொடுத்தாலும் முத்துக்கருப்பன் ஒரே வசனத்தைச் சொல்லித்தான் கொடுப்பான். “இதக் கூப்பிட்டா அப்பனும் திரும்பணும், ஆத்தாளும் திரும்பணும், பிள்ள ஓடி வரணும். அப்பத்தாண்ணே அது பேரு.”

அவனுக்குக் கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து, தொண்ணூற்று மூன்றில் மகள் பிறந்தாள். அதில் கடைசி மூன்று வருஷமும் அடுத்தவன் பிள்ளைக்குப் பேர் வெட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தவனுக்கு எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மனைவி பேர் மாயக்காள், டி. கல்லுப்பட்டிப் பக்கத்துப் பெண். அவள் ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று நாளும் அவன் யாரிடமும் பேசாமல் பேர் யோசித்தான். அவன் பேரில் முன்பாதி முத்து. அவள் பேரைச் சற்று வளைத்தால் மாயா. முத்துமாயா. சிவப்பு ரேடியத்தில் வெட்டித் தன் டிவிஎஸ் வண்டியின் முன்னால் ஒட்டினான். அந்த வண்டியில்தான் போய் ஆஸ்பத்திரி வாசலில் நின்றான், மாயக்காள் பார்த்து அசந்துபோகட்டும் என்று.

மாயக்காள் பார்த்தாள். எழுத்துக் கூட்டி வாசித்தாள். நல்லாருக்கு என்றாள். முகம் மட்டும் ஏன் சுருங்கியது என்று அவனுக்கு அன்றைக்கு விளங்கவில்லை.

பேர் வைக்கிற அன்று அவன் தங்கை முருகம்மாள் பிள்ளையின் காதில் மூன்று முறை பேரைச் சொன்னாள். அடுத்தது பெற்றவள் சொல்ல வேண்டும். மாயக்காள் குனிந்தாள். வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. பிறகு “பாப்பா” என்றாள். சுற்றி இருந்த பெண்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். புருஷன் பேரைச் சொல்லாதவள் எப்படி மகள் பேரைச் சொல்வாள் என்று முருகம்மாள்தான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள். கூட்டத்தில் நின்ற முத்துக்கருப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

ரெண்டு வீட்டையும் கலந்துக்கிட்டு வாங்க என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன், கட்டினவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் புருஷன் பேரைச் சொல்ல மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியாததா? அவனுடைய ஆத்தாளும் சாகிற வரைக்கும் புருஷன் பேரைச் சொன்னதில்லை. பிறந்ததிலிருந்து பார்த்த சங்கதி, தன் வீட்டு வாசம் தனக்குத் தெரியாத மாதிரி அவன் நினைப்பிலேயே வரவில்லை. அந்தக் காலத்து ஆம்பளைகள் யாரும் செய்யக்கூடிய தப்புதான். ஆனால் பேரே தொழிலாக இருந்தவன் செய்திருக்கக் கூடாது.

மாயக்காள் விஷயத்தில் அது வெறும் பழக்கமும் இல்லை. அவளுக்கு ராக்கம்மாள் என்று ஓர் அக்கா. ஒருநாள் சண்டையில், தெருவே வேடிக்கை பார்க்க, புருஷனைப் பேர் சொல்லி ஏசிவிட்டாள். இருபதாம் நாள் அந்த மனுஷன் கிணற்று மோட்டார் சுவிட்சைத் தொட்டு விழுந்து செத்தான். ஈரக்கையோடு தொட்டான் என்று யாரும் சொல்லவில்லை. அவள் நாக்குதான் அவனைக் கொன்றது என்றார்கள். பதின்மூன்று வயதில் மாயக்காள் அதைக் கேட்டுக்கொண்டு நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து முத்து என்று வருகிற எதையும் அவள் வாயால் சொன்னதில்லை. கொட்டமுத்து என்கிற ஆமணக்கு விதை அவளுக்கு எண்ணெய் வெதை. எதிர்வீட்டு முத்துத்தாய், எதுத்த வீட்டு மதினி. முத்துப்பட்டிக்குப் போக வேண்டியிருந்தால் அடுத்த ஸ்டாப்புக்கு டிக்கெட் வாங்கி, முன்னாலேயே இறங்கிக்கொள்வாள். கண்டக்டர்களுக்கு அவளைத் தெரியும்.

மாயா என்று மட்டும் கூப்பிட்டால் என்ன என்று எல்லாரும் யோசனை சொன்னார்கள். ஒரு மாதம் கூப்பிட்டுப் பார்த்தாள். தன்னைத் தானே கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது என்றாள். அதோடு, அப்பன் பாதியை விட்டுவிட்டு ஆத்தாள் பாதியை மட்டும் சொன்னால் அவனை ஒதுக்கின மாதிரி ஆகுமோ என்று அதிலும் ஒரு பயம். பாப்பா என்பதே நிலைத்தது. பேரை மாற்றிவிடலாமா என்று முத்துக்கருப்பன் ஒருமுறை கேட்டான். வேண்டாம், ஆசைப்பட்டு வச்சது என்று அவள்தான் தடுத்தாள். அவன் ஒரு சின்ன ரேடியம் துண்டில் அந்தப் பேரை வெட்டி அவளிடம் கொடுத்தான். பர்ஸில் வைத்துக்கொண்டாள். சொட்டு மருந்துக்குப் போனால், பால்வாடியில் கேட்டால், பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனால், பர்ஸைத் திறந்து அதை எடுத்துக் காட்டுவாள். பேச்சு வராத அம்மா போல என்று தலைமையாசிரியை முதலில் பரிதாபப்பட்டாராம்.

பிள்ளை வளர்ந்தாள். அப்பனுடைய பிளேடு பிடிக்கிற விரல், ஆத்தாளுடைய சுருட்டை முடி. வெட்டி எறிந்த ஸ்டிக்கர் துண்டுகளைக் கைகால் எல்லாம் ஒட்டிக்கொண்டு இருட்டில் மினுமினுக்கிறேனா என்று கேட்பாள். ஐந்தாறு வயதில் அவளுக்கு ஒரு விளையாட்டு. சாப்பாட்டு நேரத்தில் மேஜைக்கு அடியில் போய் ஒளிந்துகொள்வாள்.

“பேரச் சொல்லிக் கூப்புடு, வாரேன்.”

மாயக்காள் தட்டை வைத்துக்கொண்டு நிற்பாள். சோறு ஆறுது பாப்பா என்பாள், தங்கம் என்பாள், ராசாத்தி என்பாள். உள்ளேயிருந்து பதில் வராது. மேஜையில் வேலை செய்துகொண்டிருக்கிற முத்துக்கருப்பனுக்குச் சிரிப்பாக இருக்கும். அவனும் பிள்ளையோடு சேர்ந்துகொண்டு, ஒருதடவ சொன்னாத்தான் என்ன என்பான். கடைசியில் பசி தாங்காமல் பிள்ளையே வெளியே வரும். அந்தச் சிரிப்பை நினைத்து அவன் பின்னால் எவ்வளவோ அழுதான்.

ஒருநாள் அவள் கேட்டாள், “எல்லாரும் சொல்றாங்க, நீ மட்டும் ஏம்மா சொல்ல மாட்ற? ஒனக்கு என் பேரு பிடிக்கலையா?”

மாயக்காள் அவளை இழுத்து மடியில் உட்கார்த்தி, ரொம்பப் பிடிச்சதை வாயில் போட்டு மெல்ல மாட்டாங்க பாப்பா என்றாள். பிள்ளைக்குப் புரிந்ததோ இல்லையோ, அதற்கப்புறம் கேட்கவில்லை.

இரண்டாயிரத்து ஒன்று கார்த்திகை மாதம், விடாத மழை. மூன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். சாதாரணக் காய்ச்சல் என்று படுத்தவள் மூன்றாம் நாள் வலிப்பு வந்து நினைவு தப்பினாள். பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். மூளைக்காய்ச்சல். டாக்டர்கள் செய்ய வேண்டியதைச் செய்தார்கள். அப்பனும் ஆத்தாளும் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டாம் நாள் மத்தியானம் நர்ஸ் அம்மா ஒருவர் வந்தார். தழைந்த குரல், நல்ல மனசு. பிள்ளைக்குக் காது கேட்கலாம், பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருங்கள், பழகின குரலுக்குச் சில பிள்ளைகள் கண் திறக்கும் என்றார். முத்துக்கருப்பன் கூப்பிட்டான். முத்துமாயா, முத்துமாயா என்று தொண்டை கட்டுகிற வரை கூப்பிட்டான். அசைவில்லை. அம்மா குரல்தான் பிள்ளைக்கு நல்லாத் தெரியும், நீங்க கூப்பிடுங்க என்றார் நர்ஸ்.

“பாப்பா,” என்றாள் மாயக்காள்.

அந்த வார்டில் அத்தனை கட்டிலிலும் பாப்பாக்கள்தான். பக்கத்துக் கட்டில் பிள்ளை திரும்பிப் பார்த்தது. பேரைச் சொல்லுங்கம்மா என்றார் நர்ஸ். மாயக்காள் பர்ஸைத் திறந்தாள். ஓரம் சுருண்டுபோன அந்தச் சிவப்புத் துண்டை எடுத்து, பழக்க தோஷத்தில், நர்ஸிடம் நீட்டினாள்.

முத்துக்கருப்பனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. அவள் கையைப் பிடித்து வராண்டாவுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வெளியே மழை தூறிக்கொண்டிருந்தது. ஒருதடவை சொல்லு என்று கெஞ்சினான். எனக்கு ஒன்றும் ஆகாது, எல்லாம் ஊரில் கட்டிவிட்ட கதை என்றான்.

“ஆச்சுன்னா?”

“ஆனா ஆகட்டும். அவ எந்திரிச்சாப் போதும்.”

மாயக்காள் அவன் பக்கம் நகர்ந்து வந்தாள். கசங்கிக் கிடந்த அவன் சட்டைக் காலரை நிமிர்த்திவிட்டாள். மழைத்தண்ணி தெறித்திருந்த அவன் நெற்றியை முந்தானையால் துடைத்தாள். அது வழியனுப்புகிற மாதிரி இருந்தது என்று அவனுக்கு அப்புறம்தான் தோன்றியது. தாலியை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

பிள்ளையின் காதோரம் குனிந்து, “முத்துமாயா,” என்றாள்.

எட்டு வருஷம் சொல்லாத பேர். முத்துமாயா, எந்திரித்தா, அம்மா சொல்றேன்ல, நீ கேட்டேல்ல, இந்தா சொல்றேன்ல என்று அவள் கூப்பிடக் கூப்பிட வார்டே திரும்பிப் பார்த்தது. பிள்ளையின் சுண்டுவிரல் ஒருமுறை மடங்கி விரிந்ததை முத்துக்கருப்பன் பார்த்தான். இன்றைக்கும் சத்தியம் பண்ணுவான். மாயக்காள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்ததால் விரலைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பிள்ளை போய்விட்டது.

வீட்டில் கொண்டுவந்து போட்டதும் வந்தவர்கள் எல்லாம் மாரடித்து அழுதார்கள். மாயக்காள் அழவில்லை, முத்துமாயா முத்துமாயா என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எட்டு வருஷத்தில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கூப்பிட்டிருப்பாளோ அத்தனையையும் ஒரே நாளில் கூப்பிட்டுத் தீர்க்கிறவள் மாதிரி. எதிர்வீட்டு முத்துத்தாய் அதைக் கேட்க முடியாமல் எழுந்து வெளியே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நடந்தது ஊருக்குத் தெரியாது. மாயக்காள் புருஷனுக்குக் காவல் இருக்க ஆரம்பித்தாள். அவன் ரோட்டைத் தாண்டினால் கூடவே வருவாள். சுவிட்சைத் தொடப் போனால் ஓடிவந்து கையைத் தட்டிவிட்டுத் தானே போடுவாள். இருமினால் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பாள். தூங்கினால் மூக்குக்கு நேரே விரலைப் பிடிப்பாள். மகளுக்காக அழக்கூட அவளுக்கு நேரம் இல்லாமல் போனது. இருபது நாள் போனது, நாற்பது நாள் போனது. முத்துக்கருப்பன் கல்லுக்குண்டு மாதிரி இருந்தான், ஒரு தலைவலி கூட வரவில்லை. உயிரோடு இருப்பதற்கு ஒரு மனுஷன் வெட்கப்பட முடியும் என்று அந்த வருஷம்தான் அவன் தெரிந்துகொண்டான்.

வருஷம் திரும்பியது. திதி கொடுத்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான். மாயக்காள் சோற்றைப் போட்டுவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“ஒங்களுக்கு ஒண்ணும் ஆகலையே,” என்றாள்.

அவன் குனிந்து சோற்றைப் பிசைந்தான்.

“அப்ப எட்டு வருசமும் சும்மாவா சொல்லாம இருந்தேன்?”

கையில் எடுத்த சோற்றை அப்படியே தட்டில் போட்டான்.

கொஞ்ச காலம் அவன் யாருக்கும் பேர் சேர்த்துக் கொடுக்கவில்லை. கேட்டு வந்தவர்களிடம், எழுதிக் கொண்டுவந்தால் ஒட்டித் தருகிறேன் என்றான். பிறகு அதையும் விட முடியவில்லை. ஆனால் ஒரு கண்டிஷன் போட்டான். பெற்றவள் நேரில் வர வேண்டும். இரண்டாயிரத்து ஐந்தில் விஜய்ஆனந்த் என்கிற ஷேர் ஆட்டோக்காரப் பையன் அப்படித்தான் தன் மனைவி ரம்யாஸ்ரீயையும் கைப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தான். முத்துக்கருப்பன் அவளைப் பார்த்து, ஒங்க வீட்டுக்காரர் பேரச் சொல்லுத்தா என்றான். அந்தப் பெண், ஏண்ணே, விஜய் அங்கதான நிக்கிறான் என்று சிரித்தாள். டேய் விஜய், வண்டிய நெழல்ல போடு என்று அவனை ஏவவும் செய்தாள். ஊரும் காலமும் எவ்வளவு சீக்கிரம் மாறிவிட்டன என்று முத்துக்கருப்பனுக்கு ஆச்சரியம். ஒரு பத்து வருஷம் முன்னாலேயே மாறியிருக்கக் கூடாதா என்று வயிற்றெரிச்சல். ரம்யானந்தி என்று எழுதிக் கொடுத்தான். அவளை மூன்று முறை பிள்ளை காதில் சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் பிளேடை எடுத்தான். பழைய வசனத்தைச் சொல்லவில்லை.

கதவோரம் நின்று மாயக்காளும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பிள்ளையை வாங்கி ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

விளக்கு வைக்கிற நேரத்தில் அந்தத் தெருவில் பெண்கள் வாசலுக்கு வந்து விளையாடப் போன பிள்ளைகளைக் கூப்பிடுவார்கள். மாயக்காளும் வருவாள். நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி, “முத்துமாயா,” என்று கூப்பிடுவாள். ஆரம்பத்தில் தெரு பயந்தது, மந்திரிக்கச் சொன்னது. இப்போது பழகிவிட்டது. புத்தி பேதலித்தெல்லாம் போகவில்லை, கணக்காகச் சமைக்கிறாள், கணக்காகப் பேசுகிறாள். அந்த ஒரு நேரம் மட்டும் கூப்பிட வேண்டும்.

அவள் கூப்பிட்டதும் முத்துக்கருப்பன் பிளேடைக் கீழே வைப்பான். அந்தப் பேரில் பாதி அவனுடையது. “இந்தா வாரேன்,” என்று குரல் கொடுத்துவிட்டு எழுந்து போவான்.